புரட்சிக்குப் பின் 200 குடும்பங்கள்

1789-இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சி பிறப்பால் வந்த சலுகையை ஒழித்தது. பணத்தால் வரும் சலுகை ஒழிந்ததா?

1800-இல் தோன்றிய பிரான்சு வங்கியில், பெரும்பங்கு உடைய 200 பேருக்கே வாக்குரிமை இருந்தது. நிருவாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுத்தனர். வங்கியை நிறுவியவருள் ஒருவர் கிளாடு பேரியே என்னும் பெருவணிகர். புரட்சிக்கு முன்னோடியான 1788-ஆம் ஆண்டு விசீய் கூட்டம் இவர் மாளிகையிலேயே நடந்தது. இவர் மகன் காசிமிர் 1831-இல் பிரதமரானார். காசிமிரின் பேரன் 1894-இல் குடியரசுத் தலைவரானார்.

அரசுக்குக் கடன் வழங்கியதும் இவ்வங்கியே. ஆதலின், மக்கள் தேர்ந்த அமைச்சரவையும் அதன் முகம் நோக்க வேண்டியிருந்தது. வங்கியிடம் வரம்பு மீறிக் கடன் பெற்றது வெளிப்படவே, 1925-இல் எரியோ அமைச்சரவை கவிழ்ந்தது. 1936-இல் பிளூம் அரசு பங்குதாரர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வங்கி நாட்டுடைமையாயிற்று.

முடியாட்சி வீழ மூன்று ஆண்டுகள் போதுமாயின. செல்வர் பிடி தளர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.