சமமான எதிரணியே முதல் கவசம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 2018 டிசம்பரில் பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன. அடுத்த பருவத்தில் செயின்ட் கென்டிகர்ன் என்ற தனியார் பள்ளியின் முதல் ரக்பி அணியோடு தங்கள் மாணவர்கள் ஆட மாட்டார்கள் என்று அவை அறிவித்தன. வேறு பள்ளிகளில் வளர்ந்து பெயரெடுத்த பையன்களை, பள்ளிப் படிப்பின் கடைசி ஓரிரு ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்து அந்தப் பள்ளி சேர்த்துக்கொள்கிறது என்பது புகார். பேச்சுவார்த்தை நடந்து, 2019 தொடக்கத்தில் உடன்பாடு எட்டப்பட்டது, புறக்கணிப்பும் கைவிடப்பட்டது. ஒன்-ஏ எனப்படும் ஆக்லாந்துப் பள்ளிகளின் முதல்நிலைப் போட்டி, ஆல் பிளாக்ஸ் தேசிய அணிக்கே ஆட்களைத் தரும் நாற்றங்கால். அதனால் பலர் இதைக் கோப்பைக்கான சண்டையாகப் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள். ஆனால் வலுவான அணிக்கும் மெலிந்த அணிக்கும் இடையிலான தூரம் ஒரு எல்லையைத் தாண்டினால், மெலிந்த அணிக்கு நேர்வது தோல்வியோடு முடிவதில்லை. ரக்பியில் அந்த இடைவெளி எலும்பிலும் மூளையிலும் இறங்குகிறது. ஆகவே அணிகளுக்கிடையிலான சமநிலையை வீரர்களின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாகவே நடத்த வேண்டும். அதைக் காக்கும் கடமை பணமும் வசதியும் உள்ள தனியார் பள்ளிகளுக்கே அதிகம்.

ஏன் என்று புரிய, ஸ்க்ரம் என்ற மோதலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சிறு தவறு நடந்து ஆட்டம் நின்றால், இரு அணியிலிருந்தும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தலைகளைக் கோத்துக்கொண்டு எதிரெதிரே தள்ளுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவர் ஹூக்கர். அவருடைய இரண்டு கைகளும் பக்கத்தில் நிற்கும் ப்ராப் வீரர்களைச் சுற்றிப் பிடித்திருக்கும். ஸ்க்ரம் சரிந்தால் தரையில் ஊன்ற அவருக்குக் கை இல்லை. முன்னால் எதிரணியின் எடை, பின்னால் சொந்த அணியின் எடை, நடுவில் அவருடைய கழுத்து. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது அந்த அழுத்தம் முதுகு நேராக நிற்கிறவரை தாங்கக்கூடியது. ஒரு பக்கம் வெகுவாக வலுத்துவிட்டால் எதிர்ப்பக்கத்து முதுகு வளையும், தோள் இறங்கும், முன்வரிசை மடியும். தண்டுவடக் காயங்கள் நேரும் தருணம் இதுதான். அதனால்தான் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரத்தை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று உலக ரக்பி விதியே சொல்கிறது. வலுவில் உள்ள வேறுபாடு ஆபத்தானது என்பதை அந்த விதி எழுதப்பட்ட நாளிலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

விதியும் பயிற்சியும் உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று நியூசிலாந்திலேயே இருக்கிறது. அங்கே 2001-இல் 'ரக்பிஸ்மார்ட்' என்ற திட்டம் தொடங்கியது. பயிற்சியாளர்களும் நடுவர்களும் பாதுகாப்பான ஸ்க்ரம் முறைகளையும், டாக்கிள், அதாவது ஓடுகிறவரைப் பிடித்துச் சாய்க்கும் முறைகளையும் ஆண்டுதோறும் கற்றாக வேண்டும் என்றானது. முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்துக் கணக்கிட்டால், 2001 முதல் 2005 வரை ஏறக்குறைய 19 கடுமையான தண்டுவடக் காயங்கள் எதிர்பார்க்கப்பட்டன, நேர்ந்தவை 8. ஸ்க்ரத்தில் மட்டும் 9 எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் ஒன்றுதான் நேர்ந்தது. தலைக்காயத்திலும் இதேபோல் காரணம் தேடப்பட்டது. தொழில்முறை ஆட்டங்களில் தலைக்காயம் என்று சந்தேகித்துப் பரிசோதித்த 611 நிகழ்வுகளை உலக ரக்பி அமைப்பு ஆராய்ந்தபோது, அவற்றில் 76 விழுக்காடு டாக்கிளில் நேர்ந்தவை என்று தெரிந்தது. அப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பந்தோடு ஓடியவர்கள் அல்லர், தடுக்கப் போனவர்கள். நிமிர்ந்து நின்று தடுப்பவருக்கே ஆபத்து அதிகம். அமெச்சூர் ஆட்டங்களில் நெஞ்செலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 2023-இல் விதியைத் தாழ்த்தியதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

இந்த விதிகள் எல்லாம் ஒரு விஷயத்தைப் பேசாமலே எடுத்துக்கொள்கின்றன: எதிரே நிற்பவர் ஓரளவு நமக்கு நிகரானவர் என்பதை. எழுபது கிலோ எடையுள்ள 16 வயதுப் பையன் சரியான உயரத்தில், தலையைச் சரியான பக்கம் வைத்து, தோளைக் கொடுத்துத் தடுக்கக் கற்றிருக்கலாம். அவன் எதிரே வாரத்தில் பலநாள் உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த, நூறு கிலோவைத் தாண்டிய 18 வயதுப் பையன் முழு வேகத்தில் வந்தால், கற்ற முறையைப் பிசகாமல் செய்யக் கிடைப்பது கண நேரம்தான். அதையே ஓர் ஆட்டத்தில் இருபது முறை செய்யவேண்டி வந்தால் களைப்பு சேரும். களைத்தவன் குனிவதில்லை, நிமிர்ந்தே பிடிக்கப் போகிறான். ஒருதலைப்பட்சமான ஆட்டத்தில் பந்து எப்போதும் வலுவான அணியிடமே இருப்பதால், தடுக்கும் வேலை முழுவதும் மெலிந்த அணியின் தலையில் விழுகிறது. தலைக்காயம் யாருக்கு அதிகம் என்று மேலே சொன்ன கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் போதும்.

இடைவெளி களத்துக்கு வெளியேதான் உருவாகிறது. கட்டணம் ஆண்டுக்கு இருபதாயிரம் டாலரைத் தாண்டும் ஒரு பள்ளியால் முழுநேரப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியும். அதற்கும் மேலாக, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வீரர்கள் இருப்பார்கள். தலையில் அடிபட்ட மாணவன் குறைந்தது மூன்று வாரம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற விதியை அந்தப் பள்ளி எளிதாகக் கடைப்பிடிக்கும். வருமானம் குறைந்த பகுதியிலுள்ள அரசுப் பள்ளியில் அந்த இடத்துக்கு வேறு ஆளே இல்லாமல் போகலாம். அங்கே தலைசுற்றலை மறைக்கும்படி பையனை யாரும் கேட்க வேண்டியதில்லை, அணி ஆள் இல்லாமல் தவிப்பதைப் பார்த்து அவனே மறைத்துவிடுவான். அந்தப் பள்ளியிலிருந்து தேர்ந்த வீரர்கள் இருவரை வசதியான பள்ளி கூட்டிக்கொண்டு போனால், கோப்பைக் கனவோடு மீதி இருப்பவர்களின் பாதுகாப்பும் சேர்ந்தே போகிறது. இப்படியே விட்டால் முடிவில் என்ன நடக்கும் என்பதைச் சிட்னி காட்டியிருக்கிறது. 1892-இல் தொடங்கிய, ஜிபிஎஸ் எனப்படும் அங்குள்ள பள்ளிகள் சங்கத்தின் ஒன்பது பள்ளிகளில் சிட்னி பாய்ஸ் ஹை ஒன்றுதான் அரசுப் பள்ளி. அந்தப் பள்ளியும் சிட்னி கிராமர் பள்ளியும் பல ஆண்டுகள் மற்ற பள்ளிகளின் முதல் அணிகளை விட்டுவிட்டு அவற்றின் கீழ்நிலை அணிகளோடு ஆடின. ஆடுவதற்கு ஆளே இல்லாமல் தனித்து நிற்கும் வெற்றி, வென்றவர்களுக்கும் பயன்படாது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது கனமானது. ஆக்லாந்தின் தெற்குப் பகுதியில் வாழும் சமோவா, டோங்கா குடும்பங்களைச் சேர்ந்த ஒரு பையனுக்கு, ரக்பி உதவித்தொகை நல்ல கல்விக்கான ஒரே கதவாக இருக்கலாம். சமநிலை என்ற பெயரில் அந்தக் கதவை மூடுவது ஏழையின் வயிற்றில் அடிப்பதாகாதா? மூடவே கூடாது. எப்போது, எந்த நிபந்தனையில் திறக்கிறோம் என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது. 13 வயதில் சேர்த்து ஐந்தாண்டு படிக்க வைப்பது கல்வி உதவி. 17 வயதில், உடல் முற்றிய பிறகு, ஒரு பருவத்துக்காகச் சேர்ப்பது ஆள்பிடிப்பு. முழங்கால் முறிந்து இனி ஆட முடியாது என்ற நிலை வந்தாலும் அந்த மாணவனின் இடமும் உதவித்தொகையும் நிலைக்குமா என்று கேட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு, உருவம் மட்டுமே ஆபத்தை முடிவு செய்வதில்லை என்பது. உண்மைதான். எடைக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. நுட்பமும் அனுபவமும் கணக்கில் வருகின்றன. சீக்கிரம் வளர்ந்துவிட்ட 12 வயதுப் பையனை எடையைக் காட்டி மூத்தவர்களோடு தள்ளுவதும் அவனுக்கு அநியாயம். ஆஸ்திரேலியாவில் 2018 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள வயது-உருவ வழிகாட்டுதல் இதற்கு ஒரு நல்ல பதில். உருவத்தில் விலகி நிற்கும் பிள்ளையைப் பயிற்சியும் திறனும் சேர்த்து மதிப்பிட்டு, மேலேயோ கீழேயோ வைக்கிறார்கள். ஆக்லாந்திலும் எடைப் பிரிவு ஆட்டங்கள் வெகுகாலமாக உண்டு. 85 கிலோவுக்குட்பட்ட கிளப் அணிகளுக்குத் தேசியக் கோப்பை 2020-இல் வந்தது. சிறிய உடம்புக்காரர்களும் விரும்பி ஆட வருவதற்கு அந்தப் போட்டிகளே சாட்சி. பள்ளிகளின் முதல் அணியில்தான் இந்தக் கவனம் காணாமல் போகிறது. அங்கே பெருமை குறுக்கே வந்துவிடுகிறது.

மூன்றாவது குரல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பிரிட்டனில் எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் கல்வியாளர்களும் 2016-இல் அரசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பள்ளி ரக்பியில் டாக்கிளையே தடை செய்யக் கோரினார்கள். கட்டாயப் பாடமாக ரக்பி ஆடவைக்கும் பள்ளிகளுக்கு அந்தக் கோரிக்கை முழுக்கப் பொருந்தும்; பிள்ளை விரும்பாத மோதலை மதிப்பெண்ணோடு கட்டிப்போடக் கூடாது. ஆனால் விரும்பி ஆடுகிறவர்களின் ஆட்டத்தில் ஆபத்தைப் பெருமளவு குறைக்க முடியும் என்பதை ரக்பிஸ்மார்ட் மெய்ப்பித்திருக்கிறது. தோல்வி பையன்களைப் பக்குவப்படுத்தும் என்பவர்களுக்கும் ஒரு சொல். போராடித் தோற்பதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. எண்பது புள்ளி வித்தியாசத்தில் உடல் நொறுங்கித் தோற்பதிலிருந்து ஒருவன் கற்பது, அடுத்த ஆண்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதைத்தான்.

செய்யவேண்டியவை கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. மேல்வகுப்பில் பள்ளி மாறி வரும் வீரர் முதல் அணியில் ஆட ஒரு காத்திருப்புக் காலம் வேண்டும். அணியில் அத்தகையவர்கள் எத்தனை பேர் என்பதற்கு வரம்பும் வேண்டும். முந்தைய ஆண்டின் வலுவைப் பார்த்து ஆண்டுதோறும் பிரிவுகளை மாற்றி அமைக்கலாம். முன்வரிசை ஆட்கள் நிகராக இல்லையென்றால் தள்ளாத ஸ்க்ரத்துக்கு மாறுவதை யாரும் அவமானமாகக் கருதக் கூடாது. புள்ளி வித்தியாசம் எல்லை கடந்தால் ஆட்டத்தை முடித்து, மீதி நேரத்தில் வீரர்களைக் கலந்து ஆடலாம். அடிபட்டவர் திரும்பி வருவதை முடிவு செய்யும் மருத்துவர் பயிற்சியாளரின் கீழ் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. வசதியுள்ள பள்ளி தன் பிசியோதெரபிஸ்டையும் ஸ்க்ரம் பயிற்சியாளரையும் எதிரணிக்கும் அனுப்பலாம். ஆக்லாந்தின் ஒன்-ஏ பள்ளிகள் மாணவர்களின் நலன் கருதி 2022 பருவத்தில் தங்கள் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதையே நிறுத்தின. முதல்வர்கள் ஒன்றுபட்டால் பெரிய வணிக ஆசையையும் ஒதுக்கிவைக்க முடியும் என்பதற்கு இது போதும்.

எதிரணி பையன்களின் பாதுகாப்புக்கு நம் பள்ளி எப்படிப் பொறுப்பாகும் என்று ஒரு நிர்வாகம் கேட்கலாம். தன் அணியை எவ்வளவு வலுவாக்குவது என்று முடிவெடுக்கும் பணம் அந்த நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. அந்த வலுவைத் தாங்கப்போகும் பையனுக்கு எந்த முடிவிலும் பங்கில்லை. முடிவு யார் கையிலோ, பொறுப்பும் அவர்களுக்கே. தன் மாணவனின் கழுத்துக்குக் காட்டும் அக்கறையை எதிரே குனிந்து நிற்கும் மாணவனின் கழுத்துக்கும் காட்டுகிற பள்ளியே மற்ற பள்ளிகளைக் களத்துக்கு அழைக்கத் தகுதி பெறுகிறது.