குதிகாலுக்கு விடுதலை

களத்தை மாற்றிய கருவிகள் – 9

முதலில் வந்தது சத்தம்தான்.

1997 ஜனவரி. நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து மாகாணம். அந்த மாதம் 4ஆம் தேதிதான் கால்வாய்களெல்லாம் உறைந்துபோய், பதினோரு ஊர்களைச் சுற்றிவரும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கு ஓட்டம் அங்கே நடந்து முடிந்திருந்தது. (அதன் பிறகு இன்றுவரை அந்த அளவுக்குப் பனி உறையவில்லை, ஓட்டமும் நடக்கவில்லை.) அதே மாகாணத்தின் ஹீரன்வீன் ஊரில் தியால்ஃப் என்ற உள்ளரங்கம். ஆரஞ்சுச் சட்டைக் கூட்டம், பேண்டு வாத்தியம், கோயில் திருவிழாவுக்குக் குறையாத இரைச்சல். ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் ஐரோப்பிய சாம்பியன் யார் என்று முடிவாக வேண்டிய நாட்கள்.

பனித்தளத்தில் ஸ்கேட் ஓடினால் துணி கிழிபடுவதுபோல ஒரு மெல்லிய ஓசைதான் வரும். அன்று சில பெண்களின் காலடியில் மட்டும் வேறொன்று கேட்டது. டக்... டக்... டக். ஒவ்வோர் உந்தலின் முடிவிலும் தகடு காலணியின் அடியில் வந்து மோதுகிற சத்தம். ஏதோ கழன்றுகொண்டது போல.

கழன்றுதான் இருந்தது. வேண்டுமென்றே.

அந்தச் சத்தத்தோடு ஓடிய டோனி டி யோங் என்ற டச்சுப் பெண் பட்டத்தை வென்றார். அவரிடம் தோற்றவர் ஜெர்மனியின் குண்டா நீமான். அதற்கு முன் ஏழு முறை அதே பட்டத்தை வென்றிருந்தவர். அரங்கை விட்டு வெளியே வந்த பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: அந்தக் காலணி எங்கே கிடைக்கும்?

கடந்த வாரம், கம்பூன்றித் தாண்டுகிறவர்களின் கம்பு மூங்கிலிலிருந்து கண்ணாடியிழைக்கு மாறிய கதையைப் பார்த்தோம். அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. இந்த வாரக் கதையில் ஒரு விளையாட்டு முழுவதும், 1997-98 என்ற ஒரே பருவத்தில், காலணியை மாற்றிக்கொண்டது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நீள்தட ஸ்பீடு ஸ்கேட்டிங்கின் தடம் ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். இரண்டிரண்டு பேராகத்தான் ஓடுவார்கள். உள்தடம் ஒருவருக்கு, வெளித்தடம் ஒருவருக்கு. வளைவில் உள்தடத்துக்குத் தூரம் குறைவு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்பக்க நேர்க்கோட்டில் இருவரும் தடம் மாறிக்கொள்வார்கள். பக்கத்தில் ஓடுபவரை வென்றால் மட்டும் போதாது. காலையில் முதல் ஜோடியில் ஓடியவரின் நேரம் கடைசி ஜோடியின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். எதிரி கடிகாரம்.

பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். நடுவே உலகக் கோப்பைச் சுற்றுகள், ஜனவரியில் ஐரோப்பியப் பட்டம், பிறகு உலகப் பட்டங்கள். ஆண்களுக்கான அனைத்துத் தொலைவுப் பட்டத்துக்கு 500, 1,500, 5,000, 10,000 மீட்டர் என நான்கும் ஓட வேண்டும். 500 மீட்டரின் விநாடிகள் அப்படியே புள்ளிகள். 1,500இன் நேரத்தை மூன்றாலும், 5,000இன் நேரத்தைப் பத்தாலும், 10,000இன் நேரத்தை இருபதாலும் வகுத்துக் கூட்டுவார்கள். யாருக்குக் குறைவோ அவர் சாம்பியன். பள்ளிக்கூடக் கணக்குதான். இதைப் பேப்பரும் பென்சிலுமாகப் போட்டுக்கொண்டே பார்க்கிற ரசிகர்கள் நெதர்லாந்திலும் நார்வேயிலும் உண்டு.

இனி காலணிக்கு வருவோம். படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்று ஒரு குதி குதித்துப் பாருங்கள். அடுத்து, குதிகாலைத் தரையிலிருந்து தூக்காமல், பாதம் தட்டையாகவே இருக்கும்படி குதிக்கப் பாருங்கள். பாதி உயரம்கூட எழும்பியிருக்க மாட்டீர்கள். கெண்டைக்கால் தசையும் கணுக்காலும் கடைசி நொடியில் தருகிற உந்துதல் இல்லாமல் போனதுதான் காரணம்.

பழைய ஸ்கேட்டில் ஓடியவர்களின் நிலை இந்த இரண்டாவது குதிப்புதான். நீண்ட, மெல்லிய எஃகுத் தகடு காலணியின் முன்னும் பின்னும் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். உந்தி முடிக்கும்போது கணுக்காலை நீட்டினால் தகட்டின் முன்நுனி பனியைக் கீறும், வேகம் போய்விடும். அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் பாடமே 'கணுக்காலை நீட்டாதே' என்பதுதான். முழங்கால் முழுதாக நிமிர்வதற்குள் பாதத்தைத் தட்டையாக எடுத்துவிட வேண்டும். உடம்பு இயல்பாகச் செய்ய நினைப்பதைச் செய்யவிடாமல் அடக்குவதே அந்தக் கலை. சாம்பியன் என்றால் அதை மற்ற எல்லாரையும்விட நன்றாக அடக்கத் தெரிந்தவர்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் கெரிட் யான் ஃபான் இங்கென் ஸ்கேனாவ். ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரையே பல்கலைக்கழகத்தில் உடல் அசைவுகளின் இயந்திரவியலை ஆராய்ந்தவர். 1980களில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்ட தீர்வு மிக எளியது. தகட்டைப் பின்னால் பொருத்தாதே. முன்னால், பாதத்தின் முன்பந்துக்குக் கீழே ஒரு கீல் வை. குதிகால் தூக்கும்போது காலணி மட்டும் எழும்பட்டும். தகடு முழு நீளமும் பனியிலேயே கிடக்கட்டும். கால் பனியை விட்டதும் ஒரு ஸ்பிரிங் தகட்டை இழுத்துக் காலணியோடு சேர்த்துவிடும். அந்த 'டக்' இதுதான். டச்சு மொழியில் 'கிளாப்' என்றால் அறைகிற ஓசை. கருவிக்கும் அதுவே பெயராயிற்று, கிளாப் ஸ்கேட்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஹவாய் செருப்பு போட்டு நடந்தவர்கள்தானே நாம்? விரலிடுக்கில் பிடிப்பு, குதிகால் எழும்பும்போது கீழே தங்கிவிடுகிற அடிப்பாகம், பிறகு மேலே வந்து அறையும் 'சப்' ஓசை. அதையே எஃகில் செய்திருந்தார்கள்.

கீல் வைத்த ஸ்கேட் என்ற எண்ணம்கூடப் புதிதல்ல. 1890களிலேயே ஜெர்மனியில் ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார். யாரும் சீண்டவில்லை. இங்கென் ஸ்கேனாவுக்கும் முதலில் அதே கதிதான். முன்னணி வீரர்கள் போட்டுப் பார்த்தார்கள், கழற்றி வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருபது ஆண்டுகள் கணுக்காலை அடக்கப் பழகியவரிடம் போய், 'இனி அடக்காதே' என்றால் எப்படி? புதிய காலணியில் முதல் சில வாரங்கள் நேரம் கூடத்தான் செய்யும். பதக்கத்தோடு வாழ்கிறவருக்கு அந்தச் சில வாரங்கள் ரொம்ப நீளம்.

ஆகவே கருவி கீழே இறங்கிப் பிள்ளைகளிடம் போயிற்று. 1994-95 பருவத்தில் தெற்கு ஹாலந்துப் பகுதியைச் சேர்ந்த 11 இளம் வீரர்கள் பருவம் முழுக்க அதைப் போட்டு ஓடினார்கள். அவர்களுடைய வேகம் சராசரியாக 6.2 சதவீதம் கூடியது. பழைய ஸ்கேட்டில் ஓடிய சம வயதினருக்குக் கூடியது 2.5 சதவீதம். விநாடியின் நூறில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்கிற விளையாட்டில் இது இடி மாதிரி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. 'சின்னப் பிள்ளைகள், வளர்கிற வயது' என்று பேசிவிட்டு நகர்ந்தார்கள். அடுத்து டச்சுப் பெண்கள் சிலர் துணிந்தார்கள். அவர்களில் ஒருவரைத்தான் ஹீரன்வீனில் பார்த்தோம்.

அதன் பின் தடை செய்யச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. இது சறுக்குத் திறனா, கொல்லன் பட்டறைத் திறனா என்று கேட்டார்கள். சர்வதேசச் சங்கம் அனுமதித்தது. 1997 கோடையில் உலகமே காலணி மாற்றியது. ஒலிம்பிக் வர எட்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், நடக்கக் கற்றுக்கொள்வதுபோல முதலிலிருந்து தொடங்கினார்கள்.

நவம்பரில் கனடாவின் கால்கரி. கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரம். காற்று மெலிது, எதிர்ப்புக் குறைவு. அங்கே அந்த நாட்டின் கேட்ரியோனா லே மே டோன் 500 மீட்டரை 38 விநாடிக்குள் முடித்தார். பெண்களில் அவரே முதல்வர். டிசம்பரில் ஹீரன்வீனில் ஜானி ரோம்மெ என்ற டச்சுக்காரர் 5,000 மீட்டரை 6 நிமிடம் 30.63 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். அது நிலைக்கும் என்று நினைத்தவர்களுக்கு இரண்டே மாதம்தான் அவகாசம் கிடைத்தது.

1998 பிப்ரவரி 8, ஜப்பானின் நகானோ, ஒலிம்பிக். அலை அலையாகத் தொங்கும் மரக்கூரை கொண்ட எம்-வேவ் அரங்கம். ஆண்கள் 5,000 மீட்டர். பெல்ஜியத்துக்காக ஓடிய பார்ட் வெல்ட்காம்ப் 6:28.31இல் முடித்தார், உலக சாதனை. அடுத்து ரின்ட்யே ரிட்ஸ்மா, 6:28.24, மறுபடி உலக சாதனை. அதன் பிறகு ரோம்மெ வந்தார். 6:22.20. ஒரே பிற்பகலில் மூன்று முறை உடைந்த சாதனை, கடைசியில் ஆறு விநாடி தள்ளிப் போய் நின்றது.

ஒன்பது நாள் கழித்து 10,000 மீட்டர், 25 சுற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹாமரில் நார்வேயின் யோஹான் ஓலாவ் காஸ் 13:30.55இல் ஓடியபோது, இரண்டாவதாக வந்தவர் 18 விநாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார். இதை யாராலும் நெருங்க முடியாது என்று அப்போது எழுதினார்கள். நகானோவில் ரோம்மெ ஓடிய நேரம் 13:15.33. ரோம்மெ காஸைவிடப் பெரிய வீரரா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. காஸின் குதிகால் கட்டப்பட்டிருந்தது, ரோம்மெயின் குதிகால் கட்டப்படவில்லை. இந்த இருவரின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, கட்டை வண்டியோடு சைக்கிளை ஒப்பிடுகிற காரியம்.

பெண்கள் 5,000 மீட்டரில் குண்டா நீமான் (அப்போது நீமான்-ஸ்டிர்னெமான்) புதிய காலணியில் 6:59.65 ஓடி, ஏழு நிமிடத்துக்குள் வந்த முதல் பெண்ணானார். அந்தப் பெருமையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய நாட்டுக்காரர் கிளவுடியா பெக்ஸ்டைன் 6:59.61இல் முடித்தார். ஐந்து கிலோமீட்டர் ஓடி வந்த வித்தியாசம் அரை மீட்டருக்கும் குறைவு. மொத்தம் பத்துப் போட்டிகள் நடந்தன. ஐந்தில் உலக சாதனை. பத்துத் தங்கத்தில் ஐந்து நெதர்லாந்துக்கு.

கருவி எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டதா? இல்லை என்பதற்கு ஹிரோயாசு ஷிமிசு சாட்சி. உயரம் 162 சென்டிமீட்டர். இந்த விளையாட்டில் குழந்தை உயரம். 500 மீட்டர்காரர்களுக்குப் புதிய காலணி ஒரு சங்கடம் கொடுத்தது. துப்பாக்கி ஒலித்ததும் முதல் சில அடிகளைச் சறுக்காமல் ஓடியே கடக்க வேண்டும். அப்போது குதிகாலின் கீழ் உறுதி இல்லாவிட்டால் கால் தடுமாறும். ஷிமிசுவின் பலமே அந்தப் புறப்பாடுதான். அந்தப் புறப்பாட்டைப் புதிய காலணியில் மறுபடி கட்டி எழுப்பி, இரண்டு ஓட்டத்திலும் முதலாவதாக வந்து, ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். அவர் வென்றது மாற்றத்தையும் சேர்த்துத்தான்.

மார்ச்சில் பருவம் முடிந்தது. ஹீரன்வீனில் உலக அனைத்துத் தொலைவுப் பட்டத்தை இட்ஸ் போஸ்ட்மா வென்றார். கால்கரியில் ரோம்மெ தன் 5,000 மீட்டர் சாதனையை இன்னும் குறைத்து 6:21.49 ஆக்கினார். பழைய ஸ்கேட்டுகள் பரண்மேல் ஏறின. 111.12 மீட்டர் சுற்றில் கூட்டமாக முட்டிமோதி ஓடும் குறுந்தடப் போட்டியில் மட்டும் இன்றும் கீலுக்கு அனுமதி இல்லை. தகட்டை அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. கிளாப் ஸ்கேட்டை நியாயமற்றது என்று சொல்ல முடியாது. கடையில் எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் அதைத் தாமதப்படுத்தியது அறியாமையும் அல்ல, கணக்கும் கட்டுரையும் ஆண்டுக்கணக்காக மேசைமேல் கிடந்தன. மாறினால் இழப்பதற்குப் பெயர் உள்ளவர்கள் கடைசியில் மாறினார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லாத பதினொரு பிள்ளைகள் முதலில் மாறினார்கள். ஒரு புதிய கருவி நல்லதா என்று தெரிய வேண்டுமானால், சாம்பியனிடம் கேட்காதீர்கள்.

இங்கென் ஸ்கேனாவ் அந்தப் பருவத்தின் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நகானோ முடிந்து இரண்டு மாதத்துக்குள், 1998 ஏப்ரலில், புற்றுநோயால் இறந்தார். வயது 53.

இந்த வாரக் கருவி சத்தம் போட்டு வந்தது. அடுத்த வாரம் 1952, பம்பாய்: பந்தின் சத்தத்தையே விழுங்கிவிட்ட ஒரு டேபிள் டென்னிஸ் மட்டை.

(தொடரும்)