ஆபீஸ் ஃபைல் முதல் மீட்டிங் வரை வெல்ஷ்தான்! குவினெத் கவுன்சிலில் இது எப்படி சாத்தியமானது?

வீட்டுக்கு உள்ளாட்சி வரி நோட்டீஸ் வருகிறது. ஊரில் பெரும்பாலானோர் பேசும் மொழியில் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. என்ன செய்வீர்கள்? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ட்ரெவோர் - ஐலீன் பீஸ்லி தம்பதி, வரி கட்ட மறுத்துவிட்டார்கள்.

இது நடந்தது 1952-ல். ட்ரெவோர் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வெல்ஷ் மொழியில் நோட்டீஸ் தந்தால்தான் பணம் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். தெற்கு வேல்ஸின் லனெல்லி ஊரக கவுன்சில் மசியவில்லை. பலமுறை கோர்ட் படி ஏறினார்கள். பியானோ உட்பட வீட்டுச் சாமான்கள் ஜப்தி ஆயின. கடைசியில் 1960-ல் இருமொழி நோட்டீஸ் வந்தது. ஒரு துண்டுச் சீட்டுக்கு 8 வருஷம்!

இன்று அதே வேல்ஸின் வடமேற்கு மூலையில், குவினெத் கவுன்டியில், கதையே தலைகீழ். அங்கே கவுன்சில் ஆபீஸின் நிர்வாக மொழியே வெல்ஷ்தான்.

ஆங்கிலம் எப்படி நுழைந்தது?

குவினெத் என்பது ஒரு காலத்தில் தனி வெல்ஷ் அரசு. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அதைக் கைப்பற்றி, 1284-ல் கவுன்டிகளாகப் பிரித்தார். 1536-ல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் கோர்ட்டுகளின் மொழி ஆங்கிலம்தான் என்றது. ஆங்கிலம் பயன்படுத்தாதவர்களுக்கு அரசுப் பதவியும் இல்லை. மக்கள் வீட்டிலும் சந்தையிலும் வெல்ஷ் பேசினார்கள். ஆனால் அதிகாரத்தின் மொழி வேறாக இருந்தது.

திருப்பம் எப்போது?

1974-ல் உள்ளாட்சி அமைப்புகள் மாற்றி அமைக்கப்பட்டபோது ஆங்கிள்சி, கைர்னார்வன், மெரியோனெத் பகுதிகளைச் சேர்த்து ஒரு பெரிய கவுன்டி உருவானது. பழைய அரசின் பெயரான குவினெத் மீண்டும் வந்தது. புதிய கவுன்சில் இருமொழிக் கொள்கையைக் கையில் எடுத்தது.

1996-ல் மறுபடியும் மாற்றம். வேல்ஸ் முழுக்க 22 ஒற்றை அடுக்கு கவுன்சில்கள் வந்தன. ஆங்கிள்சி தனியாகப் பிரிந்தது. சுருங்கிய பகுதிக்குச் சட்டத்தில் வைத்த பெயர் 'கைர்னார்வன்ஷயர் மற்றும் மெரியோனெத்ஷயர்'. ஆனால் கவுன்சிலர்கள் உடனே அதை மாற்றி, குவினெத் என்ற பெயரையே தக்கவைத்தார்கள்.

நடைமுறையில் எப்படி?

ஊழியர்கள் தங்களுக்குள் பேசுவது, எழுதுவது எல்லாம் வெல்ஷில். அதனால் வேலைக்குச் சேரவே அந்த மொழி தேவை. கவுன்சில் கூட்டத்திலும் வெல்ஷ்தான் ஓடும். புரியாதவர்கள் ஹெட்போனில் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கலாம். பொதுமக்கள் ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் பதில் வரும். யாருக்கும் கதவு மூடப்படவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பைத் தேட வேண்டிய இடத்தில் இப்போது இருப்பது ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள்.

இதன் பலன் என்ன? வெல்ஷ் படித்தால் சொந்த ஊரிலேயே சம்பளம் உண்டு. 2011-ல் வந்த சட்டம் வேல்ஸ் முழுக்க வெல்ஷுக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து தந்தது. குவினெத் அதற்கு முன்பே அதை ஆபீஸில் நடைமுறையாக்கிவிட்டது.

அப்போ மொழி தப்பித்துவிட்டதா?

அதுதான் இல்லை. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொத்தத்தில் 17.8 சதவீதம் பேருக்குத்தான் வெல்ஷ் பேசத் தெரியும். குவினெத்தில் அது 64.4 சதவீதம், வேல்ஸிலேயே அதிகம். ஆனால் 2011-ல் இது 65.4 ஆக இருந்தது. கோட்டையிலும் சரிவு.

ஒரு காரணம், வீட்டு விலை. கடற்கரை கிராமங்களில் வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடு வாங்குகிறார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. இரண்டாம் வீடுகளுக்குப் பெயர்போன அபெர்சோக்கில், பத்துக்கும் குறைவான பிள்ளைகளே இருந்ததால் 2021 டிசம்பரில் ஆரம்பப் பள்ளி மூடப்பட்டது. மூடியது அதே குவினெத் கவுன்சில்தான்.

2023 ஏப்ரலில் கவுன்சில், இரண்டாம் வீடுகளுக்கான கூடுதல் வரியை 100-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதாவது மற்றவர்கள் 100 பவுண்ட் கட்டும் இடத்தில் இவர்கள் 250 பவுண்ட் கட்ட வேண்டும்.

பீஸ்லி தம்பதி காலத்தில் சண்டை, வரி நோட்டீஸ் எந்த மொழியில் வருகிறது என்பதற்காக. இன்று நோட்டீஸ் வெல்ஷில் வருகிறது. அதைப் படிப்பவர்கள் அந்த ஊரில் வீடு வாங்கிக் குடியிருக்க முடியுமா என்பதே குவினெத் கவுன்சில் முன் உள்ள கேள்வி.