கரடியூரின் பனியரங்கம் – ஒரு சுவீடியப் புதினம் குறித்த சில சிந்தனைகள்

நிலமும் பொழுதும் மாந்தர்தம் ஒழுக்கத்தை வகுக்கின்றன என்பது தொல்காப்பியம் நமக்குக் கற்பித்த திறனாய்வு நெறி. முதல், கரு, உரி என்னும் அம்முப்பகுப்பைக் கொண்டு, தொலைவிலுள்ள சுவீடன் நாட்டுப் புதினம் ஒன்றை நோக்கினால் அதன் உள்ளீடு நன்கு புலப்படக் காணலாம். பிரெட்ரிக் பேக்மன் 2016ஆம் ஆண்டில் எழுதிய ‘பியோர்ன்ஸ்டாட்’ என்பதே அப்புதினம். அச்சொல்லைத் தமிழில் ‘கரடியூர்’ எனலாம். நீல் சுமித் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல் வெளிவந்தது. அம்மொழிபெயர்ப்பின் வழியாகவே நாம் இதனை அறிகிறோம்.

அடர்ந்த காட்டின் நடுவே அமைந்த சிற்றூர் அது. ஆண்டின் பெரும்பகுதி பனி. தொழிற்சாலையில் வேலைகள் குறைகின்றன, இளைஞர்கள் வெளியேறுகின்றனர், வீடுகளின் விலை சரிகிறது. இவை முதற்பொருள் என்றால், கருப்பொருள் பனி ஹாக்கி ஆட்டமாகும். இருபது இருபது நிமிடங்களாக மூன்று கட்டங்களில் நிகழும் அவ்வாட்டத்தைப் பனியைப் படத்தில் மட்டுமே கண்ட இக்கட்டுரையாளன் முழுதும் விளங்கிக்கொண்டதாகச் சொல்லத் துணியவில்லை. ஆயினும், சுவரில் மீண்டும் மீண்டும் மோதும் ரப்பர் வட்டின் ஓசை நூல் முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பதை எவரும் உணரலாம். தனித்து நின்று அடித்துப் பழகும் அச்சிறுவன் கெவின். ஊரின் நம்பிக்கையெல்லாம் அவன் கைக்கோலில் தங்கியிருக்கிறது.

அந்நம்பிக்கையின் காரணத்தை ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார். இளையோர் அணி நாட்டளவிலான போட்டியில் வென்றால் ஹாக்கிப் பயிற்சிப்பள்ளி தம் ஊருக்கு வரும். அதன்பின் புதிய அரங்கம், முதலீடு, வேலை ஆகியன தொடரும் என்று ஊர்ப் பெரியோர் கணக்கிடுகின்றனர். பதினேழு வயதுப் பிள்ளைகளின் தோளில் ஓர் ஊரின் வயிற்றுப்பாடு ஏற்றப்படுகிறது. இவ்வடித்தளத்தை நாம் மறந்துவிட்டால், பின்னர் அவ்வூரார் செய்யும் கொடுமையை வெறும் தீயோர் செயலாகவே எண்ணிவிடுவோம். அவர்கள் தீயோரல்லர்; அஞ்சியோர். நூலின் வலிமை இவ்விடத்தில்தான் உள்ளது என்பது எம் கருத்து.

அரையிறுதி ஆட்டத்தில் அணி வெல்கிறது. அன்றிரவு கெவினின் பெற்றோர் இல்லாத வீட்டில் நிகழ்ந்த விருந்தில், அவன் பதினைந்து வயது மாயாவின்மீது பாலியல் வன்கொடுமை இழைக்கிறான். மாயா அக்கழகத்தின் பொறுப்பாளரான பீட்டரின் மகள். ஒரு வாரம் மௌனம் காத்த அப்பெண் பெற்றோரிடம் உண்மையைச் சொல்கிறாள். இறுதி ஆட்டத்திற்குப் புறப்படும் பேருந்திலிருந்து கெவினைக் காவலர் அழைத்துச் செல்கின்றனர். அணி தோற்கிறது. ஊர் தன் சினத்தைக் குற்றவாளியின்மேல் காட்டாமல் அப்பெண்ணின்மேல் திருப்புகிறது. இதை ஏன் ஒரு வாரம் கழித்துச் சொன்னாள், ஏன் இந்நாளில் சொன்னாள், ஏன் அங்குச் சென்றாள் என்னும் வினாக்கள் எழுகின்றன.

சங்க அகப்பாடல்களில் ‘அலர்’ என்னும் ஊர்ப்பேச்சு இடம்பெறுவதை மாணவர் அறிவர். தலைவன் தலைவியரின் காதலை வெளிப்படுத்தி, வரைவை விரைவுபடுத்தும் கருவியாக அது அங்கே பயன்படும். கரடியூரிலும் அலர் எழுகிறது. ஆனால் காதல் ஏதுமற்ற இடத்தில் எழுந்து, பாதிக்கப்பட்டவளையே சுடுகிறது. பள்ளியிலும் கடையிலும் அரங்கத்திலும் ஒரே சொல்தான் உலவுகிறது. அதனைச் சொல்பவர்களில் மாயாவைக் குழந்தையிலிருந்தே அறிந்தவர்களும் உளர்.

சான்று கூறத்தக்கவன் ஒருவன் உண்டு. அவன் அமத். அரங்கத்தைத் துப்புரவு செய்யும் பாத்திமா என்னும் தாயின் ஒரே மகன். வேறொரு நாட்டிலிருந்து வந்து குடியேறிய அத்தாய் தன் முதுகுவலியோடு உழைத்து அவனை வளர்க்கிறாள். பனியில் அவனுக்கு இணையான வேகம் எவருக்கும் இல்லை; அவ்வேகமே அவனை அணிக்குள் கொண்டுவந்தது. இப்போதுதான் நண்பர்கள், மதிப்பு, அழைப்பு எல்லாம் கிட்டியுள்ளன. கெவினின் தந்தை அவனை அணுகி, தாய்க்கு நல்ல வேலை உள்ளிட்ட வசதிகளைக் காட்டி மௌனத்தை விலைபேசுகிறார். வறியவனின் நேர்மை சோதிக்கப்படும் இப்பகுதியைப் போல நூலில் வேறு பகுதி எம்மை வருத்தவில்லை. பாத்திமா மகனுக்கு நீண்ட அறிவுரை எதுவும் கூறுவதில்லை. கழகத்தின் உறுப்பினர் கூட்டத்தில், பீட்டரை நீக்குவதா என்று வாக்கெடுக்கும் வேளையில், அமத் எழுந்து தான் கண்டதைச் சொல்லிவிடுகிறான். பீட்டர் பதவியில் நீடிக்கிறார். வழக்கோ போதிய சான்றில்லை எனக் கைவிடப்படுகிறது.

பீட்டர் குடும்பத்தில் பழைய காயம் ஒன்றும் உண்டு. முதற்பிள்ளை ஐசக்கை இழந்தவர்கள் அவர்கள். வழக்கறிஞரான தாய்க்கு, காக்கத் தவறினோம் என்னும் எண்ணம் இரண்டாம் முறையும் வருகிறது. இவ்விழப்பை ஆசிரியர் மிகச் சுருக்கமாகவே தொடுகிறார். அது நன்றாகவே அமைந்துள்ளது.

குறையென்று சொல்லத்தக்கது ஒன்றுண்டு. ஆசிரியர் கதையை நிறுத்தி நிறுத்திப் பொன்மொழி உரைக்கிறார். பத்திக்கு ஒன்றாக வரும் அம்முதுமொழிகள் சில இடங்களில் மாந்தரைப் பேசவிடாமல் தடுக்கின்றன. இளம் வாசகர் அவற்றையே அடிக்கோடிட்டு மகிழ்வர். எமக்கோ அவை இல்லாத பக்கங்களே பிடித்தன. 2017இல் வந்த இரண்டாம் புதினம் அண்டையூரான ஹெட்டுடனான பகையையும், அதனைத் தூண்டும் அரசியலாரையும் காட்டுகிறது. 2021இல் மூன்றாவது வெளிவந்தது. 2020இல் முதற்கதை தொலைக்காட்சித் தொடராகவும் ஆக்கப்பட்டது.

நூலின் முதற்பக்கத்தில், ஓர் இளையவர் துப்பாக்கியுடன் காட்டுக்குள் சென்று ஒருவரின் நெற்றியில் வைத்து விசையை இழுத்ததாக ஆசிரியர் கூறித் தொடங்குகிறார். அவர் யாரென்று இறுதியில்தான் தெரிகிறது. கெவின் தனியே ஓடும் வழியில் மாயா காத்திருக்கிறாள். விசையை இழுக்கிறாள். துப்பாக்கியில் தோட்டா இல்லை. அவனுக்கு அது தெரியாது. அவ்வொரு நொடியின் அச்சம் அவனோடு தங்கட்டும் என்பதே அவள் நோக்கம். பத்தாண்டுகளுக்குப் பின், பாடகியாகிவிட்ட மாயா, ஒரு நகரில் கருவுற்ற மனைவியுடன் நிற்கும் கெவினைக் காண்கிறாள். உண்மையைச் சொல்லும் ஆற்றல் இப்போது அவளிடம் இருக்கிறது, கெவின் நடுங்குகிறான். அவள் சொல்லாமல் நடந்து போகிறாள்.