பேட்டரி வாங்கும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்



ராத்திரி நல்ல மழை. காலையில் பதம் போவதற்குள் உழுதுவிடலாம் என்று டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறீர்கள். 'டக்' என்று ஒரு சத்தம்; அதோடு சரி. செல்ஃப் எடுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் வரை நன்றாக ஓடிய வண்டிதான். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி, எப்படியோ கிளப்பிவிடுகிறீர்கள். மறுநாளும் இதே கதை. "பேட்டரி போயிடுச்சுங்க, புதுசு போட்டுடுங்க" என்று யாராவது சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது புதுசு போடுகிறோம். ஒரு மாதம் ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் அதுவும் இறங்கிவிடுகிறது! பழைய பேட்டரியின் மேல் குற்றமே இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

பேட்டரியை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தொட்டி காலியாகக் கிடந்தால் உடனே தொட்டியை இடித்துவிட்டா வேறு கட்டுவோம்? மோட்டார் சரியாக நிரப்பியதா, ராத்திரி எந்தக் குழாயாவது ஒழுகியதா, தொட்டியிலேயே விரிசலா என்றுதானே பார்ப்போம். பேட்டரிக்கும் இதே மூன்று கேள்விதான். நிரப்புவது டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர். ஒழுகுவது வண்டியில் உள்ள ஒயர்கள் வழியே. விரிசல் என்பது பேட்டரிக்குள் கெட்டுப்போன ஒரு செல்.

சோதனைக்கு முன் சில எச்சரிக்கைகள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. தண்ணீர் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கப்போய் பேட்டரி வெடித்தால் முகத்தில் அமிலம் தெறிக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒயரைக் கழற்றும்போது வண்டியின் பாடியோடு சேர்ந்த எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இப்படிச் செய்தால் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

முதலில் காசு செலவில்லாத வேலை. பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? கையால் அசைத்தால் கிளிப் ஆடுகிறதா? அப்படியானால் பேட்டரி நிறைந்திருந்தாலும் செல்ஃபுக்குக் கரண்ட் போய்ச் சேராது. நாலைந்து விநாடி செல்ஃப் போட்டபின் தொட்டுப் பாருங்கள். எந்த முனை சுடுகிறதோ அங்கே பிடிப்புச் சரியில்லை. எர்த் ஒயரின் மறுமுனை பாடியில் சேரும் இடத்தையும் மறக்காதீர்கள்; துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்து, முறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். பல வண்டிகளுக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? அப்போதுதான் ஒரு ராத்திரி பொறுக்கச் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் கடையில் கொடுத்து முழுசாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். 75 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 7 அல்லது 8 ஆம்பியரில் நிதானமாக ஏற்ற வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள். வண்டியில் வைத்து ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு நிறுத்துங்கள். பிறகு எர்த் ஒயரை மட்டும் கழற்றித் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள்.

ஒயர் கழற்றியிருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், குற்றம் பேட்டரிக்குள் இருக்கிறது. ஒயர் கழற்றினால் காலையில் நன்றாக எடுக்கிறது, கழற்றாவிட்டால் இறங்கிவிடுகிறது என்றால், ராத்திரியில் வண்டி கரண்டைக் குடிக்கிறது. ராத்திரி எப்படி வைத்தாலும் காலையில் எடுக்கிறது, ஆனால் நாலைந்து நாள் வேலைக்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால், நிரப்புகிற இடத்தில் கோளாறு. பாருங்கள், ஒரு ஸ்பேனரும் ஒரு ராத்திரியும் இருந்தால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது!

பேட்டரிக்குள் கோளாறு என்று தோன்றினால் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். முழுச் சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரி, உண்மையில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆகவே சார்ஜ் ஏற்றியும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று அர்த்தம். மூடி திறக்கும் பேட்டரியானால் கடைக்காரரிடம் ஆறு செல்லிலும் கிராவிட்டி பார்க்கச் சொல்லுங்கள். நிறைந்த செல்லில் 1.240 முதல் 1.280 வரை இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஐந்து செல் ஒன்றுபோல் இருந்து, ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் குறைந்தால் அந்தப் பேட்டரியை இனி நம்ப முடியாது. அப்போது புதுசு வாங்குவது நியாயம்.

நிரப்புகிற பக்கம் கோளாறு என்றால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் பெல்ட் வழுக்கும், சார்ஜ் ஏறாது. அடுத்து சார்ஜ் விளக்கு. சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் அந்த பல்பையும் ஒயரையும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 13-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சி ஏறுகிறது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் அதனால்தான்.

இங்கே ஒரு வார்த்தை. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, "வண்டி நிற்கல, அப்போ சார்ஜ் ஆகுது" என்று சிலர் சோதிப்பார்கள். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் உள்ளேயிருக்கும் டயோடுகள் எரிந்துபோகும். இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

இனி ராத்திரிக் கசிவு. சின்னக் கசிவுதானே என்று நினைக்காதீர்கள். 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி போய்விடும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் நாலே நாளில் பாதிக்கு மேல் காலி! கண்டுபிடிக்கும் வழி இதோ. சாவியை எடுத்துவிட்டு எல்லா விளக்கையும் அணையுங்கள். எர்த் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை இணையுங்கள். பல்பு மங்கலாக எரிந்தாலும் கரண்ட் கசிகிறது. இனி ஒவ்வொரு பியூஸாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான். பல்பே எரியாத சிறு கசிவுக்கு ஆம்பியர் மீட்டர் வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் செல்ஃப் போட்டுவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

பெரும்பாலும் திருடன் யார் தெரியுமா? நாமே பிற்பாடு மாட்டியவைதான். பாட்டுப்பெட்டி, செல்போன் சார்ஜர், கூடுதல் ஃபோகஸ் விளக்கு இவற்றைச் சாவி வழியாக விடாமல் நேரே பேட்டரியில் மாட்டியிருப்போம். டிரெய்லருக்குப் போகிற ஒயர் உராய்ந்து பாடியில் ஒட்டியிருக்கும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டி நின்றால் எலி கடித்திருக்கும். எந்தப் பியூஸைக் கழற்றியும் பல்பு அணையவில்லையா? காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன், ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே டயோடு போயிருக்கிறது. பழைய டைனமோ வண்டியில் கட்-அவுட் ஒட்டிக்கொண்டாலும் இதே தொல்லைதான்.

டிஜிட்டல் மீட்டர் உள்ள புது வண்டிகள் நிறுத்தியிருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். 0.05 ஆம்பியர் வரை பயமில்லை. ஆனால் ஒரு மாதம் சும்மா நின்றால் அதுவே 36 ஆம்பியர்-மணி ஆகிவிடும். ஆகவே அறுவடைக்குப் பின் வண்டிக்கு ஓய்வு கொடுக்கும்போது எர்த் ஒயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் உப்பு இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. தண்ணீர் தகட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்க வேண்டும். பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. செல்ஃப் எடுக்காத அவசரத்தில் கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் முனைகளைச் சேர்த்துக் கிளப்புகிறவர்கள் உண்டு. வண்டி கியரில் இருந்தால் அந்தக் கணமே பாய்ந்து, பக்கத்தில் நிற்பவர் மேலேயே பின்சக்கரம் ஏறிவிடும். இப்படி உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு நாள் உழவு தள்ளிப்போனால் பரவாயில்லை. நீங்கள் வீடு திரும்ப வேண்டும்.

பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா? பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அதை வீட்டில் உடைத்து ஈயம் எடுக்க வேண்டாம். கிணறும் மண்ணும் கெடும், பிள்ளைகளுக்கு ஆகாது. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன், ஒயரைக் கழற்றி ஒரு ராத்திரி பொறுத்துப் பாருங்கள்.