பன்னிரண்டு பேரின் பின்னல்

கலை என்றதும் நமக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. யார் பாடினது, யார் எழுதினது என்று கேட்கிறோம். பெயர் சொல்ல ஆளில்லாதவற்றை ‘ஊர் விளையாட்டு’ என்று ஓரமாக வைத்துவிடுகிறோம். பலர் கூடி, சில விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஆக்கும் கலைகள் பெரும்பாலும் அப்படி ஓரமாய்ப் போனவையே.

கிளிநொச்சி உருத்திரபுரத்தில் பாடசாலைப் பிள்ளைகள் ஆடிய பின்னல் கோலாட்டம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். உயரத்தில் ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் பன்னிரண்டு கயிறுகள், ஆளுக்கொரு நுனி. ஒருவர் விட்டு ஒருவராக ஆறு பேர் வலமாகவும் ஆறு பேர் இடமாகவும் செல்ல வேண்டும். எதிரே வரும் முதலாமவரை வெளிப்பக்கத்தால் கடந்தால், அடுத்தவரை உட்பக்கத்தால் கடக்க வேண்டும். ஆட்டத்தின் விதி இவ்வளவுதான். எல்லாரும் ஒரே வேகத்தில் சென்றால், ஏழாவது சந்திப்பில் முதலில் சந்தித்தவரே வட்டத்தின் எதிர்ப்புறத்தில் மறுபடி வருவார். அதற்குள் மேலே ஓர் அழகான பின்னல் விழத் தொடங்கியிருக்கும்.

கீழே நிற்கும் பிள்ளைக்கு முழுப் பின்னலும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. எதிரே வருபவரை எந்தப் பக்கம் விடுவது என்று தெரிந்தால் போதும். ஆனால் ஒருவர் பிசகினால் கயிறு காட்டிக் குடுத்துவிடும். பின்னலை அவிழ்க்க, வந்த வழியே அப்படியே திரும்ப வேண்டும். பிசகின இடத்தில் முடிச்சு இறுகி எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. களிகம்பு என்றும் சொல்வார்கள். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்வதால் ஆட்டக்காரர் தொகை இரட்டை எண்ணாக இருக்கும். அண்ணாவியார் பாட்டெடுத்துக் குடுக்க, அடியும் இடமும் மாறிக்கொண்டே போகும். வேகம் கூடக் கூட, தன் பொல்லு எங்கே விழுகிறது என்று பார்க்க நேரமிராது. எதிராளி தன் இடத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் கை வீச முடியும்.

விதி கற்பனையைக் கொன்றுவிடாதா? இஸ்லாமிய உலகின் கட்டடக் கலையைப் பாருங்கள். இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு சுருள் இருக்கிறது. அதில் 114 வடிவ வரைபடங்கள். விளக்க உரை ஏதுமில்லை. படிக்கத் தெரிந்த கைவினைஞர் அதைக்கொண்டு பள்ளிச் சுவரையும் கும்மட்டத்தையும் ஆக்கலாம். பத்துக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், சாய்சதுரம், வில்முடிச்சு ஆகிய ஐந்தே வடிவங்களை ஒட்டி அடுக்கி எத்தனையோ கோலங்களைப் பெறலாம் என்று 2007இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். விதி ஒன்று, விளைவு பல.

ஆனால் இந்தக் கலைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு புலவன் தன் பாடலை நெஞ்சில் சுமந்துகொண்டு அகதியாகப் போகலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்து வைத்திருந்ததை ஒருவர் சுமக்க முடியாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் பெரும்பாலும் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். 2008, 2009இல் உருத்திரபுரத்துத் தமிழ்ச் சனமும் வீடு வாசலை விட்டு ஓடியது. இரு தரப்பிலும் வட்டங்கள் உடைந்தன. சோடியில் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவரின் பொல்லு காற்றைத்தான் அடிக்கும்.

உடைந்த வட்டத்தை மீட்க விதி கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் அந்தக் கோலாட்டத்தை ஆடினது, சொல்லிக் குடுக்க விதி தெரிந்த ஒரு ஆசிரியை இருந்ததால்தான். ஆகவே நம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். பொல்லடியைப் பற்றி எழுதும்போது ‘நம் பாரம்பரியம்’ என்று பெருமை பேசி நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேர், யார் எங்கே நிற்பது, முதல் அடி எந்தக் கைக்கு, எத்தனையாவது அடியில் இடம் மாறுவது, அண்ணாவியார் எந்தச் சொல்லால் ஆட்டத்தை நிறுத்துவார் என்பதையெல்லாம் வட்டம் போட்டு, எண் போட்டு எழுதுங்கள். மூத்த அண்ணாவிமார் இருக்கும்போதே கேளுங்கள். பாட்டு வரிகள் மட்டும் அச்சேறினால் அது பாதிப் பதிவுதான். அடியின் கணக்கும் ஏறினால், ஆட்டத்தைக் கண்ணால் பார்த்திராத பன்னிரண்டு பிள்ளைகள் எந்த ஊரிலும் அதைத் தொடங்கலாம்.