சாய்ந்து விழும் வெளிச்சம்

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு ஓடு மாற்றியபோது பரணில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்ததாம். தாத்தா நாட்டு வைத்தியராம். “கைபேசியில் படம் எடுத்து வைத்தால் போதும்தானே அய்யா?” என்று கேட்கிறார். மாதிரிக்கு மேலேட்டை ஒரு படமும் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஓரத்துக் கிழிசல் தெரிகிறது. பிளாஷ் பட்ட இடத்தில் பௌர்ணமி நிலா மாதிரி வெள்ளையாக ஒரு வட்டம் தெரிகிறது. எழுத்து மட்டும் தெரியவில்லை.

ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றோடு விட்ட கதையும், உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த கதையும் உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தில் எழுத்து ஏன் விழவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

காகிதத்தில் எழுத்து என்றால் மை. ஓலையில் எழுத்து என்றால் பள்ளம். எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். விளக்குக்கரியோ கோவையிலைச் சாறோ தேய்த்துத் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். காலப்போக்கில் அதுவும் உதிர்ந்தால், பழுப்பு ஓலையில் பழுப்புக் கீறல்தான் மிச்சம். நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் மேடும் பள்ளமும் ஒன்றுபோல் ஒளிர்ந்து எழுத்து கரைந்துவிடும்.

எங்கள் வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்த பெயின்டர் இருட்டிய பிறகுதான் வேலையைச் சரிபார்க்க வந்தார். பகலில் எனக்குக் கண்ணாடி மாதிரி இருந்த சுவர் அது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டப் பிடித்தார். ஒவ்வொரு மேடும் தன் நிழலோடு எழுந்து நின்றது. சுவடியைப் படமெடுப்பவர்கள் செய்வதும் இதுவே. விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக வீசுவார்கள். கீறலின் ஒரு கரையில் நிழல் விழும், மறுகரை மினுங்கும். மை போன எழுத்தை நிழல் எழுதிக் காட்டும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வெளிச்சம் போகிற திசையிலேயே ஓடும் கீறலுக்கு நிழல் விழாது. இடப்பக்கம் விளக்கு வைத்தால் ‘ட’வின் நிமிர்ந்த கோடு பளிச்சென்று நிற்கும், படுத்த கோடு மங்கிவிடும். விளக்கை மேல்பக்கம் கொண்டுபோனால் கதை தலைகீழ். இதற்கு 2001-இல் ஹியூலெட் பேக்கார்டு ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் ஒரு வழி கண்டார்கள். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசைகளுக்கு நகர்த்திப் படங்களை எடுத்துக் கணினியிடம் கொடுத்துவிடுவது. பிறகு திரையில் மவுஸை நகர்த்தினால் வெளிச்சம் நகரும். கிரேக்கக் கடலடியில் கிடைத்த ஆன்டிகிதெரா பொறியின் எழுத்துகளைப் படிக்க 2005-இல் இந்த முறை கைகொடுத்தது. நம் கட்டுகளுக்கு எல்லாம் இது ஆகாது. இருநூறு ஏடு, இரண்டு பக்கம், பக்கத்துக்கு நாற்பது படம் என்றால் 16,000 படம் ஆயிற்று. சண்டித்தனம் செய்யும் ஏட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிரியமான விஷயம் இதைவிடச் சின்னது: ஓட்டை.

பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே வடிவம் வேறு. க, ஒரு கால், ம என்று மூன்று எழுத்து கிடந்தால் அது கரம், கர்ம, காம, எதுவாகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் படித்துத்தான் முடிவுகட்ட வேண்டும். ஒருமுறை ஏட்டின் படம் ஒன்றில் அந்தக் காலின் தலைக்கு மேல் அழகாக ஒரு கரும்புள்ளியைப் பார்த்தேன். அபூர்வமாகப் புள்ளி வைத்து எழுதியவர் ஒருவர் அகப்பட்டுவிட்டார் என்று இரவெல்லாம் குதூகலம். மறுநாள் மூல ஏட்டைத் தூக்கிப் பிடித்தால் புள்ளி வழியாக ஜன்னல் தெரிந்தது. பூச்சி அரித்த துளை! அடியில் கறுப்புத் துணி விரித்துப் படமெடுத்ததால் துளை எழுத்தாகிவிட்டது. ஓலையிலும் எழுத்திலும் இல்லாத நிறத்தில், நீலமோ பச்சையோ, ஒரு தாளை அடியில் வைத்திருந்தால் எனக்கு அன்று தூக்கம் கெட்டிருக்காது.

படம் நன்றாக விழுந்தால் மட்டும் ஆயிற்றா? ஒரு நூலகத்தில் சுவடிகளையெல்லாம் மின்படமாக்கிவிட்டோம் என்று பெருமையோடு வன்தட்டைக் காட்டினார்கள். உள்ளே ஆயிரக்கணக்கில் கோப்புகள். பெயர்? ஒன்று, இரண்டு, மூன்று. எது எந்தக் கட்டு, எந்த ஊர், எத்தனையாவது ஏடு, ஒன்றும் இல்லை. பரணிலிருந்த கட்டை வன்தட்டுக்கு மாற்றியிருக்கிறோம், பரண் மாறியிருக்கிறது. அதையும் ஒரே தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. வேறெங்கும் நகல் இல்லாத ஏடுகள் அதோடு போயின. மின்படத்துக்குத் தீ பயமில்லை என்று இருந்துவிட முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை இணையத் திருடர்கள் முடக்கியபோது அங்கிருந்த சுவடிப் படங்களை மாதக்கணக்கில் யாராலும் பார்க்க முடியவில்லை. நகல் என்றால் இரண்டு ஊரில் இருக்க வேண்டும். இரண்டு வீட்டிலாவது.

வேதாரண்யத்து நண்பருக்கு வருகிறேன். கைபேசி தாராளமாகப் போதும். பிளாஷை அணைத்துவிடுங்கள். ஜன்னலோரம் மேசை போட்டு, காலை வெயில் சாய்வாக விழும்படி ஏட்டை வையுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். அதே பக்கத்தைக் கால்வட்டம் திருப்பி வைத்து இன்னொரு படம், அதுதான் உங்கள் மேல்பக்க விளக்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஏடு முறுக்கிக்கொண்டிருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், சட்டென்று ஒடியும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரமில்லை.

கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாயிற்று. முதல் படத்தை அப்படியே, கயிற்றோடு எடுங்கள். எந்தத் துளையில் கயிறு போகிறது, எந்தப் பக்கம் முடிச்சு என்று தெரிய வேண்டும். பிறகு அவிழ்த்து, இடது ஓரத்தில் ஏட்டெண் இருக்கிறதா பாருங்கள். ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணில் இருக்கும்.